‘ஒரிஜினல்’ என்றால் என்ன விலை?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்துகொண்டிருந்த நேரம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். சாமான் வாங்க வந்தவரல்லர். கடையோரம் நிற்கும் என்னுடைய மொரிஸ் மைனரைப் பார்க்க வந்தவர். இரண்டு முறை சுற்றிப் பார்த்தார், பொனட்டைத் திறக்கச் சொன்னார், குனிந்து அடியையும் பார்த்தார். “எல்லாம் ஒரிஜினல்தானே நாநா? அப்படியென்றால் விலையை நீங்களே சொல்லுங்கள்” என்றார். வாய்வரை வந்த ‘ஓம்’ என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு, அடுத்த கிழமை வரச் சொல்லி அனுப்பினேன்.

கார் வாப்பாவுடையது. 1959ஆம் ஆண்டு மொடல். 948 சீசீ எஞ்சின், 37 குதிரை வலு. திரும்பும்போது பக்கத்திலிருந்து கை நீட்டுகிற பழைய சிக்னல். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை சுமார் 16 இலட்சம் செய்யப்பட்டது. நம் நாட்டில் டாக்டர்மாரும் தலைமை ஆசிரியர்மாரும் முதலாளிமாரும் ஓட்டிய கார். பழுதடைந்தால் எந்த ஊர் கராஜிலும் திருத்தலாம் என்பதே அதன் பெருமை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய இரும்புக்கும் மவுசு கூடியது.

இதன் உதிரிப்பாகங்களில் வியாபாரமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர் 1990களில் இலங்கையிலேயே பாகங்களைச் செய்வித்து அங்கே கொண்டுபோனார். இங்கிலாந்துக் காருக்கு இலங்கையிலிருந்து சாமான்! நம்மவர்கள் எத்தனை பேர் அந்த வாய்ப்பைக் கண்டோம்?

விஷயத்துக்கு வருகிறேன். 2011இல் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒழுக்கு. இந்தக் காரில் அது சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, செஸிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்ற டோர்ஷன் பாரையும் நகர்த்த வேண்டும். றப்பருக்குச் சில நூறு ரூபாய். பாஸின் கூலியோ இரண்டு நாள். இரண்டாம் தடவை கழற்ற நேரக்கூடாது என்பதற்காக நல்ல சாமானே போட நினைத்தேன். பஞ்சிகாவத்தையில் எனக்குப் பழக்கமான கடைக்குப் போய், “புதுசாகச் செய்த சாமான் வேண்டாம், அந்தக் காலத்துப் பெட்டியோடு உள்ளது தாருங்கள்” என்று பிடிவாதம் பிடித்தேன். எண்ணெய்க் காகிதம் சுற்றிய பெட்டியொன்றை அவர் மேல் தட்டிலிருந்து இறக்கினார். நானும் பெருமையோடு வாங்கி வந்தேன்.

மூன்றாவது கிழமை, கண்டியிலிருந்து குடும்பத்தோடு வரும் வழி. கடுகண்ணாவையில் குடைந்த பாறையைத் தாண்டி இறங்கும்போது பெடல் தரைவரை போனது. திரும்பத் திரும்ப மிதித்தும் பலனில்லை. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்; போனால் எல்லாமே போய்விடும். பின் சீற்றில் பிள்ளைகள். முன்னால் பஸ். மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது. முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை, ஓடும்போது விழாது. ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தெருவோரப் பழக்கடை ஒன்றின் முன்னே மண்ணில் நிறுத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கடைக்காரர் தண்ணீர் தந்தார். மனைவி வீடு வரும்வரை பேசவில்லை.

மறுநாள் கழற்றிய றப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். போலிச் சாமான் விற்றுவிட்டார் என்றுதான் நினைப்பு. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு றப்பரை வளைத்தார். விளிம்பு வெடித்தது. “தம்பி, இது போலியல்ல, அசல்தான். அதுதான் பிழை. நாற்பது வருடம் பெட்டியில் கிடந்த றப்பர். புதுசை எடுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன், கேட்டீர்களா?” என்றார். சொன்னார்தான். அவர் சொன்னது எனக்கு அப்போது தான் ஞாபகம் வந்தது. விற்பவர் வேண்டாமென்ற சாமானை வற்புறுத்தி வாங்கியவன் நான். ஆனால் இறக்கத்தில் பிள்ளைகளோடு போகும் காருக்கு அதைத் தந்திருக்கக் கூடாது என்று அவரும் ஒப்புக்கொண்டார். இருவரும் தேநீர் குடித்தோம்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறியது. வார்ப்பிரும்பு, பித்தளை, கியர், கதவுப் பூட்டு ஆகியவற்றில் பழைய அசலைத் தேடி அலைவேன். அந்த உலோகத்தின் தரம் வேறு. றப்பர், ஹோஸ், டயர், வயர் ஆகியவற்றில் புதியதே. முன் சக்கரம் திரும்புகிற ட்ரனியன் விஷயத்தில் மட்டும் யாரிடமும் பேரம் பேசாதீர்கள். மரை தேய்ந்தால் சக்கரமே மடிந்துவிடும். ஆயிரம் மைலுக்கு ஒரு முறை கிறீஸ் அடித்தால் பல வருடம் உழைக்கும். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர். பார்த்து வாங்க வேண்டும். நட்டுகளும் அங்குலக் கணக்குத்தான். மில்லிமீற்றர் ஸ்பெனரால் திருகினால் மூலை உருண்டுவிடும். இவற்றில் பெற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில் எர்த். இது தெரியாமல் புது ரேடியோ பூட்டி எரித்தவர்களும் உண்டு.

இன்னொன்று பெற்றோல். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இங்கே நிறுத்தப்பட்டது. வால்வு சீற் தேயாமல் காத்தது அந்த ஈயம். பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் லேத்துக்குக் கொடுத்து கடினமான சீற் வளையம் போட்டேன். இதுவும் ஒரிஜினல் அல்ல. ஆனால் 2022இல் கியூஆர் கோட்டில் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த நாட்களில், கடைக்கும் வீட்டுக்கும் இந்தக் கார்தான் ஓடியது.

கொழும்புக்காரர் சொன்னபடி மறு கிழமை வந்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கொடுத்தேன். வால்வு சீற், பிரேக் றப்பர் முழுவதும், ஹோஸ்கள், ரேடியேற்றரின் உள் கூடு, வயரிங், வலப்பக்க மட்காட். படித்துவிட்டு, அவர் மனதில் வைத்திருந்த விலையில் கால் பங்கைக் குறைத்தார். நான் மறுக்கவில்லை, சம்மதிக்கவுமில்லை. மகனிடம் கேட்டேன். “வாப்பா, அவர் கண்காட்சிக்கு வைக்கத்தான் கேட்கிறார், ஓட்ட அல்ல” என்றான்.

நேற்று பஞ்சிகாவத்தையிலிருந்து அழைப்பு வந்தது. வலப்பக்கத்து ட்ரனியன் ஒன்று கிடைத்திருக்கிறதாம். சனிக்கிழமை காலை மைனரிலேயே போகிறேன்.