ஒப்புக்கொடுத்தல்: கிறித்தவரின் முழுச் சரணாகதி எதைக் குறிக்கிறது?

தெப்ராவ் நெடுஞ்சாலை வழியாக ஜொகூர் பாருவுக்குள் நுழைபவர்கள் இன்று காண்பவை பேரங்காடிகளும் அடுக்குமாடிகளுமே. ஐக்கியா அங்காடி 2017ஆம் ஆண்டு இங்கே திறக்கப்பட்ட பிறகு, வார இறுதியில் வாகன நெரிசல் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால், இவ்வட்டாரத்தில் வளர்ந்த எங்களைப் போன்றோரின் பெற்றோருக்குத் தெப்ராவ் என்றால் கித்தா மரம், பெரட்டுக்களம், லயத்து வீடு. மவுண்ட் ஆஸ்டின் என்ற பெயரும் அவர்களுக்கு உணவகங்களை அல்ல, ரப்பர்த் தோட்டத்தையே நினைவூட்டும்.

லயத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு கதவு தள்ளி ஒரு கிறித்தவக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் எங்களுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பார். கிறிஸ்துமஸ் நாளில் நாங்கள் அவர் வீட்டில் இருப்போம். அவருடைய கணவர் சம்பள நாளில் குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு அத்தை எங்கள் வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொள்வார். ஒரு முறை அவருடைய கை முறிந்தது. ஆறுதல் சொல்ல வந்த ஊழியர் ஒருவர், "எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடு, தாயே. கணவனுக்குக் கீழ்ப்படிவதும் கர்த்தருக்குக் கீழ்ப்படிவதுதான்" என்று சொல்லிச் சென்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த 'ஒப்புக்கொடு' என்ற சொல் என்னை விட்டு அகலவேயில்லை. நான் கிறித்தவன் அல்லன். எனினும், ஒரு சொல்லின் பெயரால் ஒருவருக்கு நேர்வதைப் பார்த்த பிறகு, அச்சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்று தேடுவது மொழிக் கழகத்தைச் சேர்ந்தவனுக்குப் பொருத்தமான வேலை என்றே கருதுகிறேன்.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மலேசிய இந்தியருள் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர் கிறித்தவர். எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் அவர்கள் வழிபாட்டில் புழங்கும் தமிழ் நீண்ட வரலாறு உடையது. சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715ஆம் ஆண்டுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். அதற்கு முன்பே கத்தோலிக்கத் துறவியர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தனர். இவர்கள் அனைவருக்கும் ஒரே இடர்ப்பாடுதான்: கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் உள்ள கருத்துகளை எந்தத் தமிழ்ச் சொல்லில் வைப்பது?

'கீழ்ப்படிதல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் இதற்கு நிகராக வரும் கிரேக்கச் சொற்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று 'ஹுப்போட்டாசோ'. கீழே வரிசைப்படுத்துதல், ஓர் ஒழுங்கில் தன் இடத்தில் நிற்றல் என்பது இதன் பொருள். படையணிகளைப் பற்றிப் பேசும்போதும் கிரேக்கர் இச்சொல்லைப் பயன்படுத்தினர். மற்றொன்று 'ஹுப்பக்கூவோ'. இதன் வேர் 'கேட்டல்'. எபிரேயத்திலும் 'ஷமா' என்ற ஒரே சொல் காதால் கேட்பதையும் சொன்னபடி செய்வதையும் குறிக்கும். இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏனெனில் தமிழிலும் அப்படித்தானே? "சொன்னால் கேட்க மாட்டாயா?" என்று அம்மா திட்டும்போது அவர் காது மந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. நம் மொழியில் கேட்டல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வினவுதல். செவிமடுப்பதும் கீழ்ப்படிவதும் கேள்வி எழுப்புவதும் தமிழில் ஒரே வினைச்சொல்லுக்குள் வாழ்கின்றன.

இது வெறும் சொல் விளையாட்டு அன்று. விவிலியத்தில் இறைவனுக்குப் பணிந்தவர்கள் என்று போற்றப்படுவோரைப் பாருங்கள். யோபு தன் பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்தவர். பொறுமைக்கு எடுத்துக்காட்டாக அவரைச் சொல்வார்கள். ஆனால் அந்நூலைத் திறந்து படித்தால், பெரும்பகுதியில் அவர் இறைவனோடு வழக்காடுகிறார். தனக்கு ஏன் இந்த நிலை என்று விளக்கம் கேட்கிறார். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது யோபுவின் நண்பர்களைத்தான். துன்பத்துக்கெல்லாம் ஆயத்த விடை வைத்திருந்தவர்கள் அவர்களே. சங்கீதங்களிலும் முறையீட்டுப் பாடல்கள் ஏராளம். ஆகவே, கிறித்தவ மரபில் பணிவு என்பது வாய்மூடி இருத்தல் என்று எவரேனும் சொன்னால், அவர் தம் வேதத்தையே சரியாகப் படிக்கவில்லை என்பது என் துணிபு.

கிறித்தவர் முழுச் சரணாகதிக்குத் தலையாய சான்றாகக் காட்டுவது கெத்செமனே தோட்டத்து இரவை. சிலுவைச் சாவு நெருங்கிவிட்டது என்பதை அறிந்த இயேசு, இத்துன்பம் தம்மை விட்டு நீங்கக் கூடாதா என்று வேண்டுகிறார். மத்தேயு நற்செய்தியின்படி மூன்று முறை வேண்டுகிறார். அவ்வேண்டுதலைச் சொன்ன கையோடு, தம் விருப்பத்தை விடத் தந்தையின் விருப்பமே நிகழட்டும் என்று இணங்குகிறார். இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தம் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லுதல், பிறகு இணங்குதல். அஞ்சவில்லை, கலங்கவில்லை என்று நடிக்கவில்லை. கிறித்தவ இறையியலார் பலரும் வற்புறுத்துவது இதைத்தான்: தன்னிடம் ஒரு விருப்பம் இருப்பவனால்தான் அதை ஒப்படைக்க முடியும். வற்புறுத்திப் பறிக்கப்பட்டது காணிக்கை ஆகாது.

'சரணாகதி' என்ற சொல் தமிழருக்கு வைணவத்தின் வழி வந்தது என்பதை நாம் அறிவோம். இரண்டு சமயங்களும் சந்தித்த ஓர் உள்ளம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையினுடையது. 1827ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் கிறித்தவப் பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்திலும் அவர் வைணவராகவே இருந்தார். 1858ஆம் ஆண்டு சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பின்னாளில், ஜான் பன்யனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. 1894ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. 'கிறித்தவக் கம்பர்' என்று அவரை அழைப்பது வெறும் புகழ்ச்சியன்று. சமயம் மாறினாலும், இறைவன் திருவடியில் விழும் அந்தப் பழைய மொழியை அவர் விட்டுவிடவில்லை. அதையே புதிய இடத்துக்குக் கொண்டுசென்றார்.

வைணவ ஆசாரியர்களிடையே ஒரு பழைய விவாதம் உண்டு. வடகலையார் குரங்குக் குட்டியை உவமை காட்டுவர்: தாய் தாவும்போது குட்டிதான் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக் குட்டியைக் காட்டுவர்: குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போகும். இதே விவாதம் கிறித்தவ உலகிலும் நடந்தது என்பது வியப்புக்குரியது. மனிதன் இறையருளால்தான் மீட்கப்படுகிறான், அவன் செய்கைகளால் அல்ல என்று பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அழுத்திச் சொன்னார். அருளே முதன்மை என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால் மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்க வேண்டும் என்றது. பூனை, குரங்கு என்று இவர்களை அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும், நாமும் ஐரோப்பியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கேள்வியை எழுப்பியிருக்கிறோம். இந்நாட்டில் மலாய் நண்பர்களோடு வாழும் நமக்கு இன்னொன்றும் தெரியும்: இஸ்லாம் என்ற சொல்லே இறைவனுக்குப் பணிதலைக் குறிப்பதாகும். விடுதி அறையில் மூன்று சமயத்தார் ஒன்றாகத் தங்கிப் படிக்கும்போது, இந்த ஒரு சொல்லைப் பற்றி ஓர் இரவு முழுவதும் பேசலாம். நாங்கள் பேசியிருக்கிறோம்; மறுநாள் தேர்வும் இருந்தது.

இறைவனுக்கு முழுமையாகப் பணிந்தவன் மனிதருக்கு எப்படி நடந்துகொள்வான்? தேவசகாயத்தின் வரலாறு ஒரு விடை தருகிறது. 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் அம்மன்னரிடமே படைப்பொறுப்பு ஏற்ற டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயருக்கு 'இறைவன் துணைசெய்தான்' என்பது பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியது அவர்மீது எழுந்த சினத்துக்கு ஒரு காரணம். 1749இல் கைதானார், 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சாதியைத் துறந்தவர் என்பதால் 'பிள்ளை' என்ற பட்டம் அவரது பெயரிலிருந்து முன்னரே நீக்கப்பட்டிருந்தது. மேலே ஒருவருக்குப் பணிந்ததனால், கீழே வகுத்து வைத்த சாதிப்படிகளுக்கு அவர் பணிய மறுத்தார்.

நம் நாட்டிலேயே சிபில் கார்த்திகேசு இருக்கிறார். யுரேசியக் குடும்பத்தில் பிறந்த இக்கத்தோலிக்கச் செவிலியர், இலங்கைத் தமிழரான மருத்துவர் ஒருவரை மணந்தவர். ஜப்பானியர் ஆட்சியின்போது பேராக் மாநிலத்துப் பாப்பான் சிற்றூரில், காயமுற்ற எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவம் செய்தார். தடைசெய்யப்பட்ட வானொலியைக் கேட்டுச் செய்தி பரப்பினார். 1943ஆம் ஆண்டு ஜப்பானியப் படைக்காவலர் அவரைக் கைதுசெய்து வதைத்தனர். அவருடைய சின்னஞ்சிறு மகளை அவர் கண்முன்னே மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தை உயிர் பிழைத்தது. சித்திரவதையில் ஏற்பட்ட காயங்களின் விளைவாக 1948இல் பிரிட்டனில் காலமானார். இப்போது அவர் உறங்குவது ஈப்போவில். அடங்கிப்போகும் குணம் கொண்ட பெண் இவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தம் நம்பிக்கைக்கு ஒப்புக்கொடுத்த பெண் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனி, அத்தையிடம் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கருத்து எபேசியருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஐந்தாம் அதிகாரம், 22ஆம் வசனத்தில் வருகிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்த வசனத்தில் வினைச்சொல்லே இல்லை. முந்தைய வசனத்தின் வினையை இரவல் வாங்கித்தான் அது பொருள் தருகிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் உடனே விளங்கும். முந்தைய 21ஆம் வசனம் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. அதாவது மூல வாக்கியம் இருவழிப் பாதை. அடுத்து வரும் வசனங்களில் கணவனுக்கு இடப்படும் கட்டளையோ இன்னும் கடுமையானது: கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அவன் மனைவிமேல் அன்பு செலுத்த வேண்டும். கையை முறிப்பவனுக்கு அந்தப் பகுதியில் இடமே இல்லை. முன்னும் பின்னும் உள்ளதை விட்டு நடுவில் ஒரு வரியை மட்டும் உருவி எடுத்துக் கொடுத்தால், நெல்லை விட்டுப் பதரைக் கொடுத்தது போலாகும்.

தோட்டத்து வாழ்வில் பணிவு என்பது பழகிப்போன ஒன்று. துரைக்குப் பணிந்தோம், கிராணிக்குப் பணிந்தோம், கங்காணிக்குப் பணிந்தோம். அந்த வரிசையின் உச்சியில் இறைவனையும் ஒரு பெரிய துரையாக உட்கார வைத்துவிட்டோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. இது கிறித்தவரைப் பற்றி மட்டும் சொல்வதன்று; "எல்லாம் தலைவிதி" என்று சொல்லி என் பாட்டியும் இதைத்தான் செய்தார்.

அத்தையின் மூத்த மகள்தான் கடைசியில் துணிந்தாள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994ஆம் ஆண்டே நம் நாட்டில் இயற்றப்பட்டு, 1996 முதல் நடப்பில் இருந்தது. காவல் நிலையத்தில் புகார் செய்தால் நீதிமன்றத்தின் வழி இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பெறலாம் என்பதைப் பள்ளி ஆசிரியை ஒருவர் அவளுக்குச் சொன்னார். புகாரில் கையொப்பமிடும் முன் அத்தை நெடுநேரம் கண்மூடி வேண்டிக்கொண்டாராம். "ஆண்டவரிடம் கேட்டேன்" என்றுதான் பிறகு என் அம்மாவிடம் சொன்னார்.

இப்போது அவர் உலு திராமில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறார். பாட்டுக் குழுவில் முதல் வரிசை. சென்ற கிறிஸ்துமசுக்குப் போயிருந்தபோது, முறிந்து சேர்ந்த அந்தக் கையால்தான் எனக்கு முறுக்கு பிழிந்து கொடுத்தார். "உனக்குத்தான் எழுத வருமே, இதையெல்லாம் எழுதேன்" என்றார். பெயர் மட்டும் வேண்டாமாம்.