தோட்கோப்பு

நாலடியாரிலே 'தோட்கோப்பு' என்றொரு சொல் வருகின்றது. தோள், கோப்பு என்னும் இரண்டும் புணர, ளகரம் டகரமாயிற்று. வழிச்செல்வோன் தோளிலே கொண்டுசெல்லும் கட்டுச்சோறு என்பது பொருள். நாலடியார் கருதியது மறுமைப் பயணம். கட்டிக்கொள்ளச் சொன்னது அறம். இம்மைக்கும் ஒரு தோட்கோப்பு வேண்டும் என்பதை எங்கள் தலைமுறைக்கு எவரும் உரையெழுதி விளக்கவேண்டியதில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், ஒரே இரவில், தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். அப்பொழுது நான் இருபதுகளில் இருந்த இளைஞன். செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிருளில் அடிமேல் அடிவைத்து நகர்ந்தோம். ஒருவர் சுவர் மணிக்கூட்டைச் சுமந்து வந்தார். ஒரு மூதாட்டி ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்திருந்தாள். அவசரத்தில் கை முதலில் அகப்பட்டதைப் பற்றும். ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை.

என் அம்மான் ஒரு நாட்டு வைத்தியர். பரம்பரையாக வந்த வாகட ஏடுகளை வேட்டியிற் சுற்றி, உரப்பையால் மூடி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வந்தார். காணி உறுதிகள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன. பின்பு வீட்டோடு அழிந்தன. மாமி வழிநெடுகப் புறுபுறுத்தார்: "மண்ணை விட்டிட்டு ஓலையைத் தூக்கிக்கொண்டு வாறியளே!" ஆனால் அதே மாமி, உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், முடித்த திகதி ஆகியவற்றைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையிலே முன்னரே எழுதி வைத்திருந்தார். பஞ்சாங்கம் அவர் கைப்பையிலே தப்பிற்று. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வது சட்டம். ஆகவே சில ஆண்டுகளின் பின்னர் அவ்விலக்கத்தைக் கொண்டே உறுதிப் பிரதி பெற்றனர். ஏட்டுக்கோ எந்தப் பதிவகத்திலும் இரட்டைப் பிரதி கிடையாது. அம்மான் எடுத்ததும் சரி. மாமி எழுதியதும் சரி. மீளப் பெற முடியாததாயின் பொருளையே எடுப்பது, மீளப் பெறக்கூடியதாயின் இலக்கத்தையாவது எடுப்பது என்னும் விதியை அவ்விருவரிடமும் கற்றே என் பையை அடுக்கியிருக்கின்றேன்.

இக்காலத்திலே 'கோப்பு' என்றால் கச்சேரிக் கோப்பு என்பதே பொருள். சொல் பொருத்தமான இடத்திற்றான் வந்து சேர்ந்திருக்கின்றது. சோறும் துணியும் அயலார் தருவர். நாம் இன்னார் என்பதற்குச் சான்று அவர் தரமாட்டார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கிளினிக் கொப்பி ஆகியன நீர்புகாத உறையிலே முதலில் இடம்பெற வேண்டியவை. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலே கேட்கும்போது பதிவிலக்கமும் திகதியும் கொடுத்தால் தேடுதல் எளிது. இத்தகைய இலக்கங்கள் யாவற்றையும் அரைத்தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பையிலும் மற்றொன்றை வேற்றூர் உறவினர் வீட்டிலும் வைத்தல் நன்று. அடுத்த வீட்டில் வைப்பதாற் பயனில்லை. ஒரே வெள்ளம் இரண்டு வீட்டிலும் புகும். "கைப்பேசியிலே படம் பிடித்து வைத்திருக்கின்றோம், ஐயா" என்பர் என் மாணாக்கர். பிடிக்கட்டும். மின்னேற்றம் தீர்ந்தபின் அது வெறுங் கண்ணாடித் துண்டு. உறவினரின் தொலைபேசி எண்களும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கமும் தாளிலும் இருக்கட்டும்.

மற்றவை சில சொற்களில் அடங்கும்: போத்தல் நீர், அடுப்பு வேண்டாத பொரிமாவும் பனங்கட்டியும், ஒரு வாரத்துக்கான மருந்து, மூக்குக் கண்ணாடி, டோச் லைற், மாற்றுடுப்பு ஒன்று, சில்லறைக் காசு. பை கனக்கலாகாது. ஒரு கையிற் குழந்தையை ஏந்திய தாய் மறுகையில் அதைத் தூக்கிக்கொண்டு படலைவரை நடக்க இயலுமா என்று பார்த்தால் போதும்.

பையையும் மறக்கவேண்டிய வேளை ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிறு, பூரணை நாள். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரையைக் கடல் மூடிற்று. முன்னறிவித்தல் எதுவும் மக்களை எட்டவில்லை. கடல் உள்வாங்கக் கண்டவன் பைக்காக வீட்டுக்குள் திரும்பக் கூடாது. கைக்கெட்டினால் எடுக்கலாம், எட்டாவிடில் ஓட வேண்டியதுதான்.

மண்சரிவு சில வேளை தவணை தரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக எச்சரிக்கை விடுக்கின்றது. சிவப்பு என்றால் வெளியேறுக என்பது பொருள். 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டு மண் எத்தனை குடும்பங்களை மூடியது என்பதை நாடே அறியும். பையை மஞ்சளிலேயே கட்டிவிட வேண்டும். சிவப்பிலே கட்டத் தொடங்குவது பரீட்சை மண்டபத்திலே நிகண்டு பாடமாக்குவது போன்றது.

என் பை வாயிற்கதவின் பின்புறத்து ஆணியிலே தொங்குகின்றது. சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் அவிழ்த்து, மருந்தையும் நீரையும் மாற்றுவது வழக்கம். பொரிமாவைத்தான் பிள்ளைகள் அதற்கு முன்னரே கண்டுபிடித்துவிடுகின்றனர்.