மிரட்சி பாலில் வருமா, ரத்தத்தில் வருமா?

பொங்கல் நாள்களில் தேக்காவில், கேம்பல் லேன் பக்கம் கட்டிவைக்கும் மாடுகளைச் சுற்றிக் கூட்டம் நெரியும். பிள்ளைகளின் கூச்சலுக்கும் முகத்தருகே நீளும் கைப்பேசிகளுக்கும் நடுவில் மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்போம். அந்தப் பெருமை முழுவதும் பழக்கியவரைச் சேராது. அதை ஈன்ற பசுவுக்கும் காளைக்கும் அதில் பங்குண்டு. பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, கேகே மருத்துவமனையின் பெயருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் 'கண்டாங் கெர்பாவ்' என்ற எருமைப்பட்டி எனத் தேக்காவே மாட்டு வணிகத்தில் வளர்ந்த இடம். மாட்டோடு புழங்கியவர்களுக்கு மிரளும் மாடும் சாதுவான மாடும் வேறு வேறு என்பது எப்போதும் தெரியும். அறிவியல் செய்தது, அந்த மிரட்சியை அளந்ததுதான். எடை போடும் கூண்டைத் திறந்துவிட்டதும் மாடு எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒரே மந்தையில் மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை பிறப்பிலேயே வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

தாய் மிரளுவதைப் பார்த்துத்தானே கன்றும் மிரளுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'தாயைப் போல பிள்ளை' என்ற பழமொழிகூட, அது ரத்தத்தால் வந்ததா வளர்ப்பால் வந்ததா என்று சொல்வதில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1990 முதல் மெரினோ ஆடுகளைச் சாதுக்கள், மிரளிகள் என இரு கால்வழிகளாகப் பிரித்து வளர்த்துவந்தார்கள். பிறந்த கையோடு குட்டிகளைத் தாய் மாற்றி விட்டுப் பார்த்தார்கள். சாதுவான ஆட்டிடம் பால் குடித்தும் மிரளியின் குட்டி பெரும்பாலும் மிரளியாகவே வளர்ந்தது. 2009இல் வெளியான இந்த ஆய்வு, மந்தைக்குள் பார்த்துப் பழகுவதுதான் எல்லாம் என்ற வாதத்தின் காலை வாரிவிட்டது.

அப்படியானால் பழக்குவது வீண்வேலையா? இல்லை. 30 விழுக்காடு என்பது மந்தையின் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ஒரு மாட்டின் தலையெழுத்து அல்ல. அன்பாகக் கையாண்டால் மிரளும் கன்றும் அடங்கும், அடித்து வளர்த்தால் சாதுவும் முட்டும். எனக்குத் தயக்கம் வேறோர் இடத்தில். அச்சத்தை மட்டும் தனியே களைந்தெடுக்க முடிவதில்லை. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் மனிதரைக் கண்டு அஞ்சாத சிவப்புக் காட்டுக்கோழிகளாகப் பார்த்து இனம் பெருக்கினார்கள். பத்துத் தலைமுறைக்குள் உடல் அளவோடு ஒப்பிட அவற்றின் மூளை சிறுத்திருந்தது. அதே காட்டுக்கோழி நம் புலாவ் உபினில் இன்றும் திரிகிறது. தொழுவத்தில் நல்ல குணமாகிய சாதுத்தனம், புதரில் உயிருக்கு உலை. ஆனால் கடந்த நூறாண்டில் வீட்டுக்கோழியின் மரபணு காட்டுக்கோழிக்குள் கூடிக்கொண்டே வந்திருப்பதை, அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2023இல் காட்டினர். வெள்ளைக் காதையும் சாம்பல் காலையும் பார்த்து அசல் காட்டுக்கோழி என்கிறோம். ஆள் அரவம் கேட்டதும் அது புதருக்குள் பாய்கிறதா, நின்று நம் கையைப் பார்க்கிறதா என்பதையும் இனி சேர்த்துப் பார்க்க வேண்டும்.