மீண்டும் துப்பாக்கி ஏந்தினால் என்ன தண்டனை?

கொள்ளைக் குற்றத்திற்காகச் சிறை சென்றவர், வெளியே வந்தபின் மீண்டும் துப்பாக்கியைத் தூக்கினால் அவரை என்ன செய்வது? "தூக்கில் போட வேண்டியதுதான்" என்பது பலரின் உடனடிப் பதில். மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனைகள்) சட்டம், குற்றவாளியின் பழைய கதையைவிட அவர் கையிலிருந்த ஆயுதத்தையே முதலில் பார்க்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் கிடைக்கும். கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களின்போது அதைக் காட்டி மிரட்டினால் ஆயுள் சிறை. பொம்மைத் துப்பாக்கியைக் காட்டினாலும் 10 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், குண்டு எவர் மீதும் படாவிட்டாலும் முன்பு மரண தண்டனை கட்டாயம். பலமுறை சிறை சென்றவர், முதன்முறை தவறியவர் என்று பிரித்துப் பார்க்க நீதிபதிக்கு வழியில்லை. 2023 ஜூலை 4ஆம் தேதி கட்டாய மரண தண்டனையை அகற்றும் சட்டம் நடப்புக்கு வந்தபின் இந்நிலை மாறியது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படிகளும் விதிக்கலாம்.

இங்குதான் பழைய குற்றப்பதிவு கனக்கிறது. குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை விதிக்கும் முன் அரசுத் தரப்பு அப்பதிவை முன்வைக்கும். வன்முறையைத் தொழிலாகக் கொண்டவர் இரக்கத்தை எதிர்பார்ப்பது கடினம். தவிர, கொள்ளை போன்ற சொத்துக் குற்றங்களை மீண்டும் செய்தால் தண்டனையை இரட்டிப்பாக்கவும் தண்டனைச் சட்டத்தின் 75ஆவது பிரிவு இடமளிக்கிறது.

பெற்றோரும் இளைஞரும் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. சுட்டவருக்கு மட்டுமல்ல, துப்பாக்கி இருப்பது தெரிந்தே சம்பவ இடத்தில் உடனிருந்த கூட்டாளிக்கும் அதே தண்டனைதான். சுடுவதைத் தடுக்க இயன்றதனைத்தையும் செய்ததாக அவரே நிரூபித்தால்தான் தப்பலாம். "நான் சும்மா கூடப் போனேன்" என்ற சமாதானம் அங்கு எடுபடாது.

கடுந்தண்டனை ஆபத்தானவரை நெடுங்காலம் விலக்கி வைக்கும். ஆனால் பிடிபட மாட்டோம் என்று நம்புபவரை அது தடுப்பதில்லை. காவல்துறையிடம் தகவல் சொல்ல மக்கள் முன்வருவதும், விடுதலையானவருக்கு வேலை கிடைப்பதும் சட்டத்திற்குத் துணை நிற்க வேண்டும்.