வெட்கம் மறைத்த வேதனை

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலிருந்து வெளிவந்த ஒரு செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றது. ஏழைப் பெண்களுக்கு மார்பக அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்யும் ஏற்பாட்டினை அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் அங்கே தொடங்கிவைத்தார். “அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா?” என்று பலர் நகைத்தனர். உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கு முதலிடம் தராமல் இதற்கென்ன அவசரம் என்ற வினாவும் எழுந்தது. வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அத்துறை மருத்துவர்கள் அன்று எடுத்துரைத்த காரணங்களைப் பலர் செவிமடுக்கவில்லை. மார்பகத்தின் கனம் தாளாமல் தோளும் முதுகும் வலித்து வரும் பெண்கள், இரு மார்பகங்களும் பெரிதும் வேறுபட்டிருப்பதால் குன்றிப் போகும் பெண்கள் ஆகியோரைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள்.

நகைத்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அறுவை சிகிச்சை வரை செல்ல வேண்டியவர்கள் மிகச் சிலரே. எஞ்சிய பெரும்பாலோரின் துன்பம் கடையில் தொடங்குகிறது. சரியான அளவுள்ள பிரா கிடைத்தாலே பெருமளவு குறையக் கூடியது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பகுதிப் பெண்கள் காலமெல்லாம் இதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. “பாடி” என்று மெல்லிய குரலில் கேட்டு, காகிதத்தில் சுற்றித் தருவதை வாங்கிக்கொண்டு, விலையைக்கூடப் பேரம் பேசாமல் விரைந்து திரும்பிவிடுகிறோம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற நாம், உடலோடு ஒட்டி நாள் முழுதும் கிடக்கும் ஆடையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தாயார், தொழிற்சாலை ஒன்றில் நின்றுகொண்டே வேலை செய்பவர். தோள்களில் பிராவின் பட்டி பதிந்து பள்ளமே விழுந்திருந்தது. இரவில் கைவிரல்கள் மரத்துப் போகின்றன என்றும், நெஞ்சுக்கு ஏதோ நோய் வந்துவிட்டதென்று அஞ்சுவதாகவும் கூறினார். “ஆலிமாம்மா, கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு 40 என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டம் நிற்கவில்லையென்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுகிறேன்” என்றார். மருத்துவர் இதயத்தில் குறையில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு வீட்டில் வைத்து அளந்து பார்த்தபோது, மார்பகத்திற்குக் கீழே விலாவைச் சுற்றி 34 அங்குலம். மார்பின் எடுப்பான இடத்தில் 40 அங்குலம். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டே முழு விஷயத்தையும் விளங்கிக்கொள்ளலாம்.

எண்ணும் எழுத்தும்

பிராவின் அளவில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் உண்டு. எண், விலாவைச் சுற்றி நிற்கும் அடிப்பட்டையைக் குறிப்பது. எழுத்து, கப்பின் கொள்ளளவைக் குறிப்பது. மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1914இல் தம் பிராவுக்குக் காப்புரிமை பெற்றபோது இந்த எழுத்துகள் இல்லை. 1930களில்தான் அந்நாட்டு நிறுவனங்கள் ஏ, பி, சி, டி என்று கப்புகளைப் பிரித்தன. விலா அளவுக்கும் மார்பளவுக்கும் உள்ள வேறுபாடு 1 அங்குலமாயின் ஏ, 2 ஆயின் பி, 3 ஆயின் சி, 4 ஆயின் டி. அதற்குமேல் இங்கிலாந்து முறையில் 5 அங்குலத்திற்கு டிடி, 6 அங்குலத்திற்கு ஈ.

நம் தெருக் கடைகளிலோ எண் மட்டுமே பேசப்படுகிறது. 32, 34, 36, 38, 40 என்று பெட்டிகள் அடுக்கியிருக்கும். உள்ளிருப்பவை பெரும்பாலும் பி கப். மார்பு பெரிதென்றால் பெரிய எண் என்பதே கணக்கு. அந்தத் தாய்க்கு 40 கொடுத்தது இப்படித்தான். 34 அங்குல விலாவில் 40 அங்குலப் பட்டை எப்படி நிற்கும்? முதுகில் அது மேலேறுகிறது, முன்புறம் தாழ்கிறது, கனம் முழுவதும் தோள்பட்டிகளில் தொங்குகிறது. அவர் பட்டியை இழுத்து இறுக்குகிறார். பட்டி தோளை அறுக்கிறது. உண்மையில் பாரத்தைத் தாங்க வேண்டியது அடிப்பட்டை; தோள்பட்டி கப்பை அதன் இடத்தில் நிறுத்தும் துணை மட்டுமே.

சற்றுப் படித்த கடைக்காரர்கள் வேறொரு பழைய கணக்கைச் சொல்வதுண்டு: விலா அளவோடு 4 அங்குலம் கூட்ட வேண்டும் என்பார்கள். அதன்படி இவருக்கு 34உடன் 4 சேர்த்து 38, மார்பளவு 40 என்பதால் வேறுபாடு 2, ஆகவே 38பி. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டை இன்னமும் தளர்வு, கப்போ சிறிது. கூட்டாமல் கணக்கிட்டால் வேறுபாடு 6, அளவு 34ஈ. ஒரே பெண், ஒரே உடல். மூன்று கணக்குக்கு மூன்று அளவு!

இன்னொரு நுட்பமும் உண்டு. பட்டையின் எண் ஒரு படி குறைந்து எழுத்து ஒரு படி ஏறினால், கப்பின் கொள்ளளவு ஏறத்தாழ அதேதான். 38பி, 36சி, 34டி மூன்றும் கப்பின் அளவில் உடன்பிறப்புகள். எனவே அத்தாய்க்கு 38பி தருவது 34டி கப் தருவதற்குச் சமம். அவருக்குத் தேவையானதோ அதனினும் இரண்டு படி பெரியது. “டி என்றால் மிகப் பெரிது, எனக்கெதற்கு அது” என்று கூசுகின்ற சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒல்லியான பெண்ணுக்கும் டி கப் வரும்.

இதில் நாம் மட்டும் பின்தங்கியவர்கள் என்று எண்ண வேண்டாம். 2008இல் ஆஸ்திரேலியாவில் இளம்பெண்கள் 30 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு சிறு ஆய்வில், நூற்றுக்கு 80 பேர் தவறான அளவையே அணிந்திருந்தனர்.

சஃபரிலிருந்து வரும் பெட்டியில் கணவரோ சகோதரரோ வாங்கி அனுப்பும் உள்ளாடைகளில் மற்றொரு குழப்பம். ஐரோப்பிய முறையில் 75 என்றிருப்பதும் பிரான்ஸ் முறையில் 90 என்றிருப்பதும் நாம் சொல்லும் 34தான். எண்ணைக் கண்டு மிரளாமல், எந்த நாட்டு அளவு என்று சீட்டில் பார்த்துக்கொள்வது நலம்.

அளக்கும் முறை

கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஓர் இஞ்ச் டேப் வேண்டும். மூச்சை வெளியே விட்டு, மார்பகத்திற்கு நேர்கீழே விலாவைச் சுற்றி, டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு சற்று இறுக்கமாக அளக்க வேண்டும். அடுத்து, மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாக. கனத்த, தாழ்ந்த மார்புடையவர்கள் நிமிர்ந்து நின்று ஒருமுறையும் முன்னால் குனிந்து ஒருமுறையும் அளந்து, இரண்டுக்கும் நடுவான எண்ணைக் கொள்ளலாம்.

இது தொடக்கம்தான், உடுத்திப் பார்த்தால்தான் முடிவு தெரியும். புதிய பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், மாட்டிப் பார்க்க வேண்டும். நாளடைவில் எலாஸ்டிக் இளகும்போது உள்கொக்கிக்கு மாறலாம். முதலிலேயே உள்கொக்கியில்தான் நிற்கிறதென்றால் பட்டை பெரிது. பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கை முழுதும் நுழையலாகாது. குனிந்து, கையால் பக்கவாட்டுச் சதையையும் கப்புக்குள் ஏந்தி அமர்த்திய பின் நிமிர்ந்து பார்த்தால், கப்பின் விளிம்பில் சதை பிதுங்குகிறதா, துணி சுருங்கிக் கிடக்கிறதா என்பது புலப்படும். அடிக்கம்பி உள்ளதாயின் அது மார்பகத்தைச் சுற்றி விலாவின்மேல் அமர வேண்டும். சதையின்மேல் குத்தினால் கப் சிறிது.

வடிவம் வேறானால்

அளவு சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்போர் உண்டு. இங்கே வடிவம் குறுக்கிடுகிறது. பல பிள்ளைகளுக்குப் பாலூட்டிய தாயின் மார்பகம் மேற்புறம் வற்றிக் கீழ்ப்புறம் கனத்திருக்கும். சிலருக்கு அடிப்பாகம் அகன்று பக்கவாட்டில் பரந்திருக்கும். சிலருக்கு அடிப்பாகம் குறுகிக் குழல்போல் நீண்டிருக்கும். இது பிறவி அமைப்பு, நோயன்று, எனினும் அத்தகையோரில் சிலருக்குப் பால் குறைவாகச் சுரப்பதுண்டு என்பதால் பிரசவத்தின்போது மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது. இரண்டு பக்கமும் சற்று ஏற்றத்தாழ்வாக இருப்பதோ மிகச் சாதாரணம்.

இப்போது கடைகளில் நிறைந்திருக்கும் ஸ்பாஞ்சு கப்புகள் தமக்கென்று ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டிருப்பவை. அந்த வடிவத்திற்கு நம் உடல் ஒத்துவராவிட்டால் மேலே இடைவெளி விழும் அல்லது பக்கத்தில் பிதுங்கும். கனத்த மார்புக்கும் வேறுபட்ட வடிவத்திற்கும் இரண்டு மூன்று துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த, தையல் தெரியும் கப்பே ஏற்றது. துணி உடலுக்கு வளைந்து கொடுக்கும். பக்கவாட்டில் தனித்துண்டு வைத்துத் தைத்ததாயின் பரந்த மார்பை முன்னே கொண்டுவந்து நிறுத்தும். மேற்புறம் வற்றியவர்களுக்கு மேல்விளிம்பு தாழ்ந்த கப் பொருந்தும். ஏற்றத்தாழ்வு உள்ளவர்கள் பெரிய பக்கத்திற்கு அளவெடுத்து, சிறிய பக்கத்தில் மெல்லிய பேடு வைத்துக்கொள்ளலாம். கைதேர்ந்த பெண் தையற்காரரிடம், நன்றாகப் பொருந்தும் பழைய பிரா ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பருத்தியில் தைத்துக்கொள்வதும் உண்டு. நம் பாட்டிமார்களின் பாடிகள் அப்படித் தைத்தவைதாமே!

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்று வரும் இளந்தாய்மார்களுக்கு ஒரு சொல். பால் சுரக்கும் நாள்களில் அளவு மாறிக்கொண்டேயிருக்கும். பழைய இறுக்கமான பிராவையோ அடிக்கம்பி அழுத்துவதையோ அணிந்தால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரலாம். முன்புறம் திறக்கும் தளர்வான பருத்திப் பிராவே அப்போது உகந்தது.

கடற்காற்றின் ஈரமும் வேர்வையும் நம் பகுதியில் கேட்க வேண்டியதில்லை. அதன்மேல் புர்காவும் சேரும்போது, கனத்த மார்பின் கீழ்மடிப்பில் ஈரம் தேங்கித் தோல் சிவந்து படை எழுகிறது. பவுடரைக் கொட்டி மறைப்பதைவிட, கழுவி, நன்கு துடைத்து உலரவிட்டு, பகலில் ஒருமுறை பிராவை மாற்றுவது மேல். ஆறாவிட்டால் தோல் மருத்துவரைக் காண வேண்டும். “புர்காவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்” என்று உள்ளாடையைப் புறக்கணிக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். கனத்தை உணர்வது பார்ப்பவரின் கண்ணா, சுமப்பவரின் முதுகா?

பிரா அணிவதால் புற்றுநோய் வரும் என்ற பேச்சும் அவ்வப்போது உலவுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு அத்தகைய தொடர்பெதையும் காணவில்லை. ஆனால் ஒன்றை வேறுபடுத்தி அறிய வேண்டும். வயது வந்த நாள்முதல் இருக்கும் வடிவம் இயற்கை. புதிதாக ஒரு பக்கம் மட்டும் பெருத்தல், தோல் குழிதல், கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் ஆகியன தோன்றினால், அளவைப் பற்றிய யோசனையை விட்டு உடனே ஸ்டான்லிக்கோ, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும்.

கடையும் கூச்சமும்

எல்லாம் அறிந்தபின்னும் கடையில் நிற்பவர் ஆணாயிருந்தால் நா எழுவதில்லை. இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. சவூதி அரேபியாவிலேயே உள்ளாடைக் கடைகளில் நெடுங்காலம் ஆண்களே விற்றுவந்தார்கள். ஜித்தாவின் கல்லூரி விரிவுரையாளர் ரீம் அஸ்அத் என்ற பெண்மணி 2008 முதல் இதனை எதிர்த்து இயக்கம் நடத்தி, அத்தகைய கடைகளைப் புறக்கணிக்கப் பெண்களை அழைத்தார். 2011 ஜூனில் மன்னர் அப்துல்லாஹ் ஆணை பிறப்பிக்க, 2012 ஜனவரி முதல் அக்கடைகளில் பெண்களே விற்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. வெட்கம் இருந்ததனால்தான் அப்பெண்கள் பேசினார்கள். மார்க்க விளக்கம் கேட்பதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத மதீனத்து அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதை நாம் அறிவோம்.

நம் சென்னையிலும் வழி இல்லாமலில்லை. தியாகராய நகரில் 1939இல் தோன்றிய நாயுடு ஹால், பெண்கள் உள்ளாடைக்கென்றே பெயர்பெற்றது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, நந்தனத்தில் இறங்கி ஆட்டோவில் தி.நகர் செல்வது எளிதாயிற்று. அதுவும் இயலாதவர்கள், ரிச்சா கர் என்ற பெண்மணி 2011இல் பெங்களூரில் தொடங்கிய ஜிவாமே போன்ற நிறுவனங்களிடம் கைப்பேசி வழியே வீட்டிலிருந்தே வாங்கலாம். டி கப்பைக் கடந்த அளவுகளும் அங்குண்டு. திருப்பிக் கொடுக்க அனுமதி உண்டா என்பதை முதலில் பார்த்துவிட்டு, ஒன்று மட்டும் வாங்கி, சீட்டைக் கிழிக்காமல் உடுத்திப் பார்த்தபின் மற்றவற்றை வாங்குவது பணத்தைக் காக்கும்.

ஆயினும் ஒவ்வொரு பிராவுக்கும் தி.நகர் போக வேண்டுமா? எம்.சி. ரோட்டிலும் திருவொற்றியூர்க் கடைத்தெருவிலும் துணிக்கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள், ஒரு பெண் விற்பனையாளரையும், திரை மறைவில் ஓர் அளவறையையும், பி கப்போடு சி, டி, டிடி பெட்டிகளையும் வைத்தாலென்ன? பெருநாள் நெருங்கும்போது நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து சென்று, எழுத்தையும் எண்ணையும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தருவித்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் வாங்காமல் திரும்புங்கள். “இதையே போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்” என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

வாங்கியபின் மூன்றை மாற்றி மாற்றி அணிவது நன்று. வெந்நீரும் முறுக்கிப் பிழிதலும் எலாஸ்டிக்குக்குப் பகை. கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உள்கொக்கியில் மாட்டியும் பட்டை முதுகில் மேலேறத் தொடங்கினால், துணி புதிதுபோல் தோன்றினாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.