நேரடி விமானம் வழியில் நிற்குமா?

அயல்நாட்டுப் படிப்புக்கான கல்விக் கடனில் பயணச் செலவும் சேரும். அதனால் எங்கள் தேவரா கிளையில் விமானப் பயணச்சீட்டுகளைப் பார்ப்பதும் எங்கள் வேலையாகிவிட்டது. அண்மையில் ஒரு வாடிக்கையாளர், ஜனவரியில் இலண்டன் செல்லும் மகளின் சீட்டைக் கைப்பேசியில் காட்டினார். கொச்சியில் காலை 4.00 மணிக்குப் புறப்பாடு, இலண்டனில் மாலை 4.30க்கு வருகை. "பன்னிரண்டரை மணி நேரம்தான் சார், நேரடி விமானம்" என்றார்.

குளிர்காலத்தில் இலண்டன் கடிகாரம் நம்முடையதைவிட 5.30 மணி நேரம் பின்தங்கியது. அதைக் கூட்டினால் பயணம் 18 மணி நேரம். விவரத்தை விரித்துப் பார்த்தபோது மும்பை தென்பட்டது. ஆறு மணி நேரக் காத்திருப்பு, இரு வேறு நிறுவனங்கள், இரு பதிவெண்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிப்போனால், அந்த இரண்டாம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பெட்டியையும் அந்தப் பெண்ணே மும்பையில் எடுத்து, மீண்டும் ஒப்படைத்தாக வேண்டும்.

கொச்சியிலிருந்து இலண்டன் கேட்விக்குக்கு ஏர் இந்தியா இயக்கிவந்த இடைநில்லாச் சேவை 2025 மார்ச் இறுதியில் நின்றது. அந்நினைவில் இருப்போர் பட்டியலைப் பார்த்து ஏமாறுவது இயல்பே.

பெருங்குழப்பம் 'நேரடி' என்ற சொல்லில்தான். விமானத் துறையில் அதற்கு ஒரே விமான எண் என்பதே பொருள். வழியில் நிற்கலாம், சில வேளைகளில் எண் மாறாமல் விமானமே மாறலாம்! எங்கும் நிற்காததே 'நான்ஸ்டாப்'. விமானம் மாறுவதையும், விற்கும் நிறுவனம் ஒன்றாகவும் இயக்கும் நிறுவனம் வேறாகவும் இருப்பதையும் பயணிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 1999இல் விதிகளே வகுத்தது.

ஆகவே பணம் செலுத்துமுன் நிறுத்தங்களின் எண்ணிக்கையையும் மொத்தப் பயண நேரத்தையும் பாருங்கள். இயக்குவது யார் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும்விட, முழுப் பயணமும் ஒரே பதிவெண்ணில் உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மலிவான சீட்டுகள் பல இங்கேதான் சறுக்குகின்றன.

அவ்வாடிக்கையாளர் அன்றே சீட்டை இரத்துச் செய்தார். கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. இப்போது தோகா வழியாக, ஒரே பதிவெண்ணில், சற்றுக் கூடுதல் விலைக்கு வேறு சீட்டு எடுத்திருக்கிறார்.