அப்பா, அம்மாவுக்கு 70 ஆயிடுச்சா? ஆயுஷ்மான் கார்டு வாங்கும் முன் ஆதாரைப் பாருங்க

ஆபீஸ் இன்ஷூரன்ஸில் அப்பா, அம்மாவைச் சேர்க்க வழியில்லை. தனியா பாலிசி எடுக்கலாம்னா பிரீமியம் மலைக்க வைக்குது. உங்க நிலைமை இதுவா? அவங்களுக்கு 70 வயது ஆகியிருந்தால், 2024 அக்டோபர் 29-ல் விரிவுபடுத்தப்பட்ட மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க.

‘அது ஏழைகளுக்கான திட்டம், நமக்கு எங்க கிடைக்கும்’ என்று பலர் விட்டுடுறாங்க. ஆனால் 70-க்கு மேல் வருமான வரம்பே கிடையாது. சொந்த வீடு இருந்தாலும், பிள்ளை ஐ.டி.யில் கை நிறைய சம்பாதித்தாலும் தடையில்லை.

வயதுக்கு ஒரே சான்று ஆதார்தான். சிக்கலும் அங்கேதான். அந்தத் தலைமுறையில் நிறைய பேருக்குப் பிறந்த தேதி குத்துமதிப்பாகத்தான் பதிவாகியிருக்கும். நிஜத்தில் 72 ஆனாலும், ஆதாரில் 68 என்றால் கார்டு கிடைக்காது. திருத்துவதற்கு ஆவணம் வேணும். பொதுவாக ஒரு முறைதான் திருத்தவும் முடியும். ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணும் நேரத்தில் இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீங்க? இந்த வாரமே எடுத்துப் பாருங்க.

ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. இருவருக்கும் 70 தாண்டியிருந்தால் அந்தத் தொகையைப் பகிர்ந்துக்கணும். குடும்பத்தில் ஏற்கனவே ஆயுஷ்மான் கார்டு இருந்தால், மூத்தவங்களுக்கு மட்டும் கூடுதலாக 5 லட்சம் தனியா கிடைக்கும். சுகர், பி.பி., பழைய இதய நோய் எதுவானாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு, காத்திருப்புக் காலம் இல்லை. ஆனால் இது அட்மிட் ஆகிச் செய்யும் சிகிச்சைக்குத்தான். மாசாமாசம் வாங்கும் மாத்திரைக்கு உங்க பர்ஸ்தான். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாகவும் இருக்கணும்.

தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ இருந்தாலும் சேரலாம். சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அந்தத் திட்டங்களில் கிடைப்பதால், அவசரப்பட்டு மாறிடாதீங்க.

பதிவு செய்ய ‘ஆயுஷ்மான்’ ஆப் போதும். ஆதார் எண், ஓ.டி.பி., ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஆதாரில் அப்பாவின் பழைய நம்பர் இருந்தால் ஓ.டி.பி. வராது, முக அடையாளம், கைரேகை மூலமும் சரிபார்க்கலாம். ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்தே முடிச்சுக் கொடுத்திடுங்க. சந்தேகம் வந்தால் 14555-க்குக் கூப்பிடலாம்.